தவறு கையிலா, கருவியிலா?

டொனால்ட் நார்மனின் நூல் பற்றி ஒரு திறனாய்வு

ஒரு கருவியைக் கையாளத் தெரியாமல் தடுமாறும்போது நாம் பெரும்பாலும் நம்மையே நொந்துகொள்கிறோம். "எனக்கு இதெல்லாம் வராது", "வயதாகிவிட்டது, இனி எங்கே புரியப்போகிறது", "படித்தவர்கள் யாராவது வந்து பார்க்கட்டும்" என்ற சொற்களை நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் நாள்தோறும் கேட்கலாம். கருவி ஒன்றும் பேசுவதில்லை. ஆகவே குற்றம் முழுவதும் மனிதன் தலையிலேயே விழுந்துவிடுகிறது.

இந்த வழக்கை மறுபடியும் எடுத்து விசாரித்து, தீர்ப்பை மாற்றி எழுதிய நூல் ஒன்று உண்டு. அமெரிக்க உளவியல் அறிஞர் டொனால்ட் நார்மன் எழுதிய அந்நூல் 1988-இல் 'தி சைக்காலஜி ஆஃப் எவ்ரிடே திங்ஸ்', அதாவது 'அன்றாடப் பொருள்களின் உளவியல்', என்ற பெயரில் வெளிவந்தது. பின்னர் 'தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்' எனப் பெயர் மாறியது. 2013-இல் திருத்தி விரிவாக்கிய பதிப்பு வந்தது. நார்மன் முதலில் மின்பொறியியல் பயின்றவர். பிறகு உளவியலுக்கு வந்தவர். 1993-இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது 'பயன்படுத்துவோர் அனுபவம்' என்ற சொற்றொடரைத் தம் பதவிப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டவர். இன்று அச்சொற்றொடர் ஒரு தனித் தொழிலின் பெயராகவே ஆகிவிட்டது.

இந்நூலை நாம் இங்கு ஆராய்வதற்குக் காரணம் உண்டு. இன்று நம் மாணவர் பலர் ஏதேனும் ஒரு பொருளைத் தாமே செய்து பார்க்கிறார்கள். ஒருவர் செல்பேசிக்குச் செயலி எழுதுகிறார். ஒருவர் சொட்டுநீர்ப் பாசனத்திற்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறார். இன்னொருவர் மருத்துவமனை வரிசைக்கு எண் வழங்கும் எந்திரம் அமைக்கிறார். எல்லாருக்கும் அது முதல் முயற்சி. முதல் முயற்சியில் தவறுகள் நேராமல் இரா. அத்தவறுகளை எப்படிப் பார்ப்பது, அவற்றிலிருந்து எதைக் கற்பது? இக்கேள்விக்கு இந்நூல் எந்த அளவு விடை தருகிறது என்பதைத்தான் நாம் பார்க்கப்போகிறோம்.

கதவும் அடுப்பும்

நூலின் புகழ்பெற்ற பகுதி கதவுகளைப் பற்றியது. ஐரோப்பிய நகரம் ஒன்றின் அஞ்சலகத்தில் கண்ணாடிக் கதவுகளுக்கு இடையே அகப்பட்டுக்கொண்ட நண்பர் ஒருவரைப் பற்றி நார்மன் சொல்கிறார். கதவில் கைப்பிடி இல்லை, கீல் வெளியே தெரியவில்லை. எந்தப் பக்கம் தள்ளினால் திறக்கும் என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. அழகுக்காக எல்லாவற்றையும் மறைத்துவிட்டார்கள். ஒரு கதவுக்கே 'தள்ளுக', 'இழுக்க' என்று எழுதி ஒட்ட வேண்டியிருந்தால் அந்தக் கதவு தன் கடமையில் தவறிவிட்டது என்பது அவர் வாதம்.

அடுத்து நான்கு பர்னர் அடுப்பைப் பாருங்கள். பர்னர்கள் சதுரமாக, முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக உள்ளன. திருகுகளோ ஒரே வரிசையில் நான்கு. எந்தத் திருகு எந்தப் பர்னருக்கு? நான்கு பொருள்களை நான்கு இடங்களோடு இணைக்க 4×3×2×1, அதாவது 24 வழிகள் உண்டு. சமைப்பவர் இந்த 24-இல் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். திருகுகளையும் சதுரமாக அமைத்துவிட்டால் நினைவுக்கு வேலையே இல்லை. 1959-லேயே சபானிஸ், லிண்டன்பாம் என்ற இருவர் இதைச் சோதித்து, அமைப்பு மாறினால் தவறுகளும் மாறுகின்றன என்று காட்டினார்கள். நம் வீட்டுச் சுவரில் ஆறு சுவிட்சுகள் வரிசையாக இருக்க, மின்விசிறிக்கு உரியதைத் தேடி மூன்று விளக்குகளை ஏற்றி அணைக்கிறோமே, அதுவும் இதே குறைதான்.

மூன்றாவது எடுத்துக்காட்டு குளிர்பதனப் பெட்டி. அதில் இரண்டு திருகுகள். ஒன்று உறைபகுதிக்கு, மற்றொன்று காய்கறி வைக்கும் பகுதிக்கு என்றே யாரும் நினைப்பர். ஆனால் உள்ளே குளிரூட்டும் பொறி ஒன்றுதான். வெப்பநிலையை உணரும் கருவியும் ஒன்றுதான். ஒரு திருகு அந்தக் கருவியை மாற்றுகிறது. மற்றது குளிர்காற்று இரு பகுதிகளுக்கும் எந்த விகிதத்தில் பிரிய வேண்டும் என்பதை மாற்றுகிறது. ஒன்றைத் திருப்பினால் இரண்டு பகுதிகளுமே பாதிக்கப்படும். சரியாயிற்றா என்று பார்க்க ஒரு நாள் காத்திருக்க வேண்டும். பயன்படுத்துவோர் மனத்தில் உள்ள படம் வேறு, எந்திரத்தின் உண்மை வேறு. எவ்வளவு அறிவாளியானாலும் இந்தப் பெட்டியைச் சரிசெய்ய இயலாது.

இவற்றிலிருந்து நார்மன் சில கொள்கைகளை வகுக்கிறார். என்ன செய்யலாம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். திருகுக்கும் விளைவுக்கும் இயல்பான பொருத்தம் வேண்டும். செய்தது நடந்ததா என்பதைக் கருவி உடனே தெரிவிக்க வேண்டும். இதைப் பின்னூட்டம் என்கிறோம். தவறாகச் செய்ய முடியாதபடி சில தடைகள் வேண்டும். இவற்றுக்கு நல்ல எடுத்துக்காட்டுகள் நம் வீட்டிலேயே உண்டு. பிரஷர் குக்கரின் விசில் நல்ல பின்னூட்டம். மூன்று முனை பிளக்கை ஒரே வகையில்தான் செருக முடியும். அதன் எர்த் முனை நீண்டிருப்பதால் அதுவே முதலில் இணைப்புப் பெறுகிறது. யாரும் விதிகளைப் படிக்கவில்லை. ஆயினும் பிளக்கைத் தலைகீழாகச் செருகியவர் இல்லை.

இரண்டு வகைத் தவறுகள்

நூலின் மிகச் சிறந்த பகுதி தவறுகளைப் பகுத்துக் காட்டும் பகுதியே. நார்மன் தவறுகளை இரண்டாகப் பிரிக்கிறார். நோக்கம் சரியாக இருந்தும் கை வேறொன்றைச் செய்துவிடுவது ஒரு வகை. காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போடுவதைப் போல. இதைக் கைத்தவறு எனலாம். நோக்கமோ திட்டமோ தவறாக இருப்பது மற்றொரு வகை. மோட்டார் ஓடியும் நீர் ஏறவில்லை; கிணறு வற்றிவிட்டது என்று முடிவு கட்டி மேலும் ஆழப்படுத்துகிறோம்; உண்மையில் ஒழுகியது புட்வால்வு. இது கருத்துத்தவறு.

இப்பிரிவு வெறும் பெயரிடல் அன்று. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. கைத்தவறு செய்பவருக்குப் பாடம் நடத்திப் பயனில்லை. அவருக்கு எல்லாம் தெரியும். கருத்துத்தவறு செய்பவருக்கு எச்சரிக்கை மணியைப் பெரிதாக்கிப் பயனில்லை. அவருக்குச் செய்தி தேவை. வரலாற்றிலிருந்து இரு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டு வீச்சு விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிறு தேயச் சரிந்தன. விமானிகள் இறக்கை மடிப்புகளை உள்ளிழுப்பதாக எண்ணிச் சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டார்கள். 'விமானியின் தவறு' என்று பதிவாயிற்று. 1943-இல் இதை ஆராய்ந்த உளவியலாளர் அல்போன்ஸ் சபானிஸ் விமானி அறைக்குள் சென்று பார்த்தார். இரண்டு விசைகளும் ஒரே உருவில் அருகருகே இருந்தன. அத்தகைய அமைப்பு இல்லாத சி-47 விமானத்தில் இவ்விபத்து நேரவில்லை. சக்கர விசையின் நுனியில் ஒரு சிறு ரப்பர்ச் சக்கரத்தையும், மடிப்பு விசையில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றையும் பொருத்தினார். கை தொட்ட அளவிலேயே வேறுபாடு தெரிந்தது. இன்றும் விமானங்களில் சக்கர விசையின் நுனி சக்கர வடிவில் இருப்பதைக் காணலாம். 1947-இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் இருவரும் 'விமானியின் தவறு' எனப்பட்ட 460 நிகழ்வுகளைத் திரட்டி ஆராய்ந்து, அவை கருவிகளின் அமைப்பைச் சார்ந்து சில வகைகளுக்குள் அடங்குவதைக் காட்டினார்கள்.

இரண்டாவது நிகழ்ச்சி 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்தது. அழுத்தத்தைக் குறைப்பதற்காகத் திறந்த ஒரு வால்வு மூடிக்கொள்ளாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கு, வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. 'மூடு' என்ற ஆணை சென்றதா என்பதை மட்டுமே காட்டியது. விளக்கு அணைந்ததும் வால்வு மூடிவிட்டது என்று இயக்குவோர் நம்பினர். வெளியேறிய நீரைக் காட்டக்கூடிய அளவுமானி பலகையின் பின்புறம் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் ஒலித்தன. சுமார் 2 மணி 20 நிமிட நேரம் குளிர்நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. அணு உலையின் மையப் பகுதியில் ஏறத்தாழப் பாதி உருகியது.

இங்கே கை தவறவில்லை, கருத்து தவறியது. அக்கருத்தை ஊட்டியதோ அந்த விளக்கு. இவ்விபத்தை ஆராய்ந்த குழுவொன்றில் நார்மனும் இருந்தார். இயக்குவோரைக் குறை சொல்வதில் பொருளில்லை, கட்டுப்பாட்டு அறையின் அமைப்பே குற்றவாளி என்ற முடிவுக்கு வந்தார். அவருடைய நூலின் வேர் இங்கேதான் உள்ளது. கதவையும் அடுப்பையும் கண்டு நாம் சிரிக்கலாம். அதே குறை ஓர் அணு உலையில் அமைந்துவிட்டால் சிரிக்க முடியாது.

நூலும் ஒரு முதல் முயற்சியே

பிறர் செய்த பொருள்களைக் குறை கூறும் ஒரு நூலை அதன் அளவுகோலாலேயே அளந்து பார்ப்பது நியாயம். அப்படிப் பார்த்தால் 1988-இல் வந்த நூலும் ஒரு முதல் முயற்சிதான். அதிலும் வடிவமைப்புக் குறைகள் இருந்தன.

முதற்குறை பெயரிலேயே இருந்தது. 'உளவியல்' என்ற சொல் நார்மனின் உடன் ஆய்வாளர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் கடைக்காரர்கள் நூலை உளவியல் அலமாரியில் அடுக்கினார்கள்; யாருக்காக எழுதப்பட்டதோ அந்த வடிவமைப்பாளர்கள் அந்த அலமாரிப் பக்கமே போகவில்லை. தள்ள வேண்டிய கதவுக்கு இழுக்கும் கைப்பிடி வைத்தது போலாயிற்று. அட்டை மாற்றிய பதிப்பில் நார்மன் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு பெயரை மாற்றினார்.

இரண்டாம் குறை ஒரு கலைச்சொல். ஜேம்ஸ் கிப்சன் என்ற உளவியலாளரிடமிருந்து 'அஃபோர்டன்ஸ்' என்ற சொல்லை அவர் எடுத்துக்கொண்டார். ஒரு பொருள் ஒருவருக்கு அளிக்கும் செயல்வாய்ப்பு என்பது அதன் கருத்து. நாற்காலி உட்காரும் வாய்ப்பைத் தருகிறது என்பது போல. ஆனால் வாய்ப்பு இருப்பது வேறு, அது கண்ணுக்குத் தெரிவது வேறு. கண்ணாடிக் கதவுக்குத் திறக்கும் வாய்ப்பு இருந்தது. அதைக் காட்டும் அடையாளம்தான் இல்லை. முதற்பதிப்பு இந்த இரண்டையும் போதிய அளவு பிரிக்கவில்லை. விளைவு, கணினித் திரையில் வரைந்த ஒவ்வொரு படத்தையும் 'செயல்வாய்ப்பு' என்று அழைக்கும் வழக்கம் பரவிவிட்டது. 2013 பதிப்பில் 'சிக்னிஃபையர்', அதாவது குறிகாட்டி, என்ற புதுச் சொல்லைச் சேர்த்து அவர் இதைத் திருத்தினார். திருத்தம் சரியானதே. ஆயினும் கால் நூற்றாண்டுக் காலம் பரவிய குழப்பம் ஒரு பதிப்பால் நீங்கிவிடவில்லை. நல்ல பின்னூட்டம் உடனே வர வேண்டும் என்று சொல்லும் நூலுக்கு இது சற்றுத் தாமதமான திருத்தமே.

மூன்றாம் குறை அழகைப் பற்றியது. முதற்பதிப்பில் அழகு பெரும்பாலும் குற்றவாளிக் கூண்டிலேயே நிற்கிறது. மனத்துக்குப் பிடித்த பொருளை மனிதன் பொறுமையோடு பழகிக்கொள்கிறான் என்பது அதில் இடம்பெறவில்லை. 2004-இல் எழுதிய 'எமோஷனல் டிசைன்' என்ற நூலில் நார்மனே இக்குறையை நிரப்பினார்.

இக்குறைகளை நாம் எடுத்துக் காட்டுவது ஆசிரியரைத் தாழ்த்துவதற்காக அன்று. முதல் முயற்சியைச் செய்தவர் அதைப் பிறர் கையில் கொடுத்து, அவர்கள் எங்கே தடுக்கினார்கள் என்று கவனித்து, மீண்டும் எழுதினார். வாசகர்கள் தவறாகப் படித்துவிட்டார்கள் என்று அவர்கள்மேல் பழி போடவில்லை. அவர் நூலில் சொன்னதைவிட இதுவே நமக்குப் பெரிய பாடம்.

நூலில் குறைவுபடுபவை

இனி நமது மறுப்புகளைச் சொல்லலாம்.

நூலில் வரும் மனிதர் பெரும்பாலும் தனி ஆள். தம் வீட்டில், தம் பொருளைத் தாமே வாங்கித் தாமே பயன்படுத்துபவர். வாங்குபவர் வேறு, பயன்படுத்துபவர் வேறு, பழுது பார்ப்பவர் வேறு என்ற நிலையை 2013 பதிப்பு தொட்டுக்காட்டுகிறதே தவிர ஆழ்ந்து பேசவில்லை. நம் நாட்டிலோ இதுவே பொது நிலை. இதற்கு நம் ஊர்க் கைப்பம்பைவிட நல்ல சான்று இல்லை.

வறட்சியைச் சமாளிக்க 1960-களின் பிற்பகுதியிலிருந்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறுகள் தோண்டி வார்ப்பிரும்புக் கைப்பம்புகளைப் பொருத்தினார்கள். அவை மேலைநாட்டுப் பண்ணை வீட்டுப் பம்புகளின் சாயலில் வந்தவை. ஒரு குடும்பம் நாளைக்குச் சில முறை அடிப்பதற்கானவை. இங்கோ ஓர் ஊரே விடியற்காலை முதல் இரவு வரை அடித்தது. அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும். 1970-களின் நடுவில் பார்த்தபோது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பம்புகள் பழுதாகிக் கிடந்தன. ஊரார் முரட்டுத்தனமாக அடித்து உடைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அது 'விமானியின் தவறு' என்று எழுதுவதற்கு ஒப்பாகும்.

யூனிசெப் நிறுவனமும் இந்திய அரசும் பிறரும் சேர்ந்து, சோலாப்பூரில் உருவான எஃகுப் பம்பை அடிப்படையாகக் கொண்டு 'இந்தியா மார்க் 2' பம்பை உருவாக்கினர். தேய்ந்துபோகும் பல மூட்டுகளுக்குப் பதில் பந்துத் தாங்கிகளுடன் ஒரே சுழல் மூட்டு வைத்தனர். கைப்பிடியைச் சங்கிலியால் தண்டோடு இணைத்ததால் தண்டு வளையாமல் நேராக மேலெழுந்தது. கனத்த கைப்பிடியே தண்டின் எடையைச் சமன் செய்ததால் அடிப்பவருக்குப் பாரம் குறைந்தது. மாதிரிப் பம்புகளைக் கோயம்புத்தூர்ப் பகுதியின் ஆழ்கிணறுகளில் பொருத்திச் சோதித்த பின்னரே பெரும் உற்பத்தி, சென்னையில், தொடங்கியது.

இதோடு முடிந்ததா? இல்லை. புதிய பம்பு எளிதில் பழுதாகவில்லை. ஆனால் பழுதானால் சரிசெய்வது பெரும்பாடாக இருந்தது. கீழே இருக்கும் வாஷரை மாற்ற, கிணற்றுக்குள் இருக்கும் குழாய்கள் எல்லாவற்றையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு வண்டியும் ஆட்களும் வெளியூரிலிருந்து வர வேண்டும். அதுவரை ஊர் காத்திருக்க வேண்டும். அடிப்பவரை நினைத்தவர்கள் பழுது பார்ப்பவரை மறந்துவிட்டார்கள். 1980-களில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் மீண்டும் சோதனைகள் நடந்தன. குழாயை அகலமாக்கி, அதன் வழியாகவே பிஸ்டனை மேலே உருவி எடுக்கும்படி 'மார்க் 3' பம்பை அமைத்தனர். தோல் வாஷருக்குப் பதில் நெடுநாள் உழைக்கும் நைட்ரைல் ரப்பர் வந்தது. ஊரில் உள்ளவர்களே, பெண்களும், பழுது பார்க்கலாம் என்ற நிலை உருவாயிற்று. ஒரு தவறைத் திருத்தியதும் அடுத்த தவறு கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு முன் அது தெரிந்திருக்க வழியில்லை. முதல் முயற்சி செய்வோர் மனத்தில் இருத்த வேண்டியது இதுவே. நார்மனின் கதவுகளில் இந்தப் படிப்படியான வளர்ச்சி தெரிவதில்லை. அவை சரியான கதவு, தவறான கதவு என்று இரண்டாகவே நிற்கின்றன.

அடுத்த மறுப்பு, நல்லெண்ணத்தைப் பற்றியது. நூலைப் படிப்பவருக்கு, வடிவமைப்பாளர் பயன்படுத்துவோரை நினைத்தால் போதும், எல்லாம் நேராகிவிடும் என்ற எண்ணம் வரலாம். 2000-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலை நினைத்துப் பாருங்கள். புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் பகுதியில், முதியோர் எளிதாகப் படிக்கட்டும் என்று வாக்குச்சீட்டில் எழுத்துகளைப் பெரிதாக்கினார்கள். பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. ஆகவே இடப்புறமும் வலப்புறமுமாகப் பெயர்களை அச்சிட்டு நடுவில் துளையிடும் வரிசையை வைத்தனர். இடப்புறத்தில் இரண்டாவதாக இருந்த அல் கோரின் பெயருக்கு உரியது மூன்றாவது துளை. இரண்டாவது துளை வலப்புறத்தில் இருந்த புக்கானனுக்கு உரியது. 2,000-க்கும் மேற்பட்டோர் கோருக்கு எண்ணிய வாக்கைப் புக்கானனுக்கு அளித்துவிட்டனர் என்று 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஒன்றுக்கு மேல் துளையிட்டதால் 19,000-க்கும் மேற்பட்ட சீட்டுகள் செல்லாதவையாயின. மாநிலத்தில் இறுதி வித்தியாசம் 537 வாக்குகள்.

சீட்டை அமைத்தவர் முதியோரை நினைக்காமல் இல்லை, அவர்களுக்காகவே மாற்றினார். ஆனால் மாற்றிய சீட்டை அந்த முதியோர் கையில் கொடுத்து முன்கூட்டியே சோதித்திருந்தால் குறை வெளிப்பட்டிருக்கும். ஒரு தவறைத் திருத்தும் கையே இன்னொரு தவறைச் செய்யக்கூடும். ஆகவே திருத்தத்தையும் புதிய பொருளாகவே கருதிச் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு: எல்லாம் எளிதாக இருக்க வேண்டுமா? வீணையைக் கையில் எடுத்தவுடன் வாசிக்க முடியாது. அது வீணையின் குறை அன்று. பழகப் பழகக் கை அறிந்துகொள்ளும் கருவிகளும் உலகில் உண்டு. வேண்டுமென்றே கடினமாக்கப்பட்ட பொருள்களைப் பற்றி நார்மன் சிறிது பேசுகிறார். ஆனால் தேர்ச்சி என்பது மனிதனுக்கு ஓர் இன்பம் என்பதை அவர் போதிய அளவு சொல்லவில்லை.

ஐந்து பேர் போதுமா?

சோதனை என்றவுடன் ஆயிரம் பேரைத் தேட வேண்டுமோ என்று மாணவர் அஞ்ச வேண்டியதில்லை. ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லேண்டவரும் 1993-இல் ஒரு கணக்குக் காட்டினர். தாங்கள் ஆராய்ந்த திட்டங்களில், சோதனைக்கு வந்த ஒருவர் சராசரியாக 31 விழுக்காடு குறைகளை வெளிப்படுத்தினார் என்று கண்டார்கள். பொருளில் 100 குறைகள் உள்ளதாகக் கொள்வோம். ஒருவர் சோதித்ததும் மறைந்திருப்பவை 69. இரண்டாமவர் அந்த 69-இல் 31 விழுக்காட்டைக் கண்டால் எஞ்சுபவை 48. மூவருக்குப் பின் 33, நால்வருக்குப் பின் 23, ஐவருக்குப் பின் 16. ஆறாமவர் புதிதாகக் காட்டுவது ஐந்து குறைகள் அளவே. ஆகவே ஒரே தடவையில் பதினைந்து பேரைச் சோதிப்பதைவிட, ஐந்து பேரைச் சோதித்துத் திருத்தி, மீண்டும் ஐந்து பேரிடம் கொடுப்பது மேல். நார்மனும் 2013 பதிப்பில் இதையே பரிந்துரைக்கிறார்.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. எந்த ஐந்து பேர் என்பதை அது சொல்வதில்லை. விடுதி அறை நண்பர்கள் ஐவரும் ஒரே வயதினர், ஒரே படிப்பினர், ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள். அவர்கள் தடுக்காத இடத்தில் கண்பார்வை குறைந்த ஒரு பாட்டி தடுக்கி விழுவார். ஐவரும் ஒரே மாதிரியானவர்களாக இருந்தால் அது ஏறத்தாழ ஒருவரை ஐந்து முறை கேட்டதற்குச் சமம்.

முதல் முயற்சி செய்வோருக்கு

நூலிலிருந்தும் அதன் குறைகளிலிருந்தும் ஒரு நடைமுறையை நாம் வகுத்துக்கொள்ளலாம்.

பொருளைச் செய்யத் தொடங்குமுன் அந்த வேலை இப்போது எப்படி நடக்கிறது என்பதை ஒரு நாள் முழுதும் சும்மா இருந்து பாருங்கள். பிறகு முதல் மாதிரியை மலிவாகச் செய்யுங்கள். செயலியானால் ஒவ்வொரு திரையையும் காகிதத்தில் வரைந்தாலே போதும். கட்டுப்பாட்டுப் பெட்டியானால் அட்டைப்பெட்டியில் பொத்தான்களை ஒட்டிப் பாருங்கள். மலிவாகச் செய்ததைக் கிழித்துப்போட மனம் தயங்காது.

அடுத்து அதை ஒருவர் கையில் கொடுத்து, செய்ய வேண்டிய வேலையை மட்டும் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருங்கள். இதுவே மிகக் கடினம். அவர் தவறான பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோகும்போது "அது இல்லை, பக்கத்தில்" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் சோதனை கெட்டது. நாளை அந்தப் பொருளோடு நீங்கள் கூடப் போகப்போவதில்லை. கை எங்கே நின்றது, முகம் எங்கே சுருங்கியது, எதை இருமுறை அழுத்தினார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். "நன்றாயிருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே நன்றாயில்லை என்று சொல்லமாட்டார்கள்.

மாலையில் குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் போடுங்கள். ஒன்றில் கைத்தவறுகள், மற்றதில் கருத்துத்தவறுகள். முதல் பத்திக்குப் பொத்தானின் உருவம், இடம், இடைவெளி ஆகியவற்றை மாற்றுங்கள். இரண்டாம் பத்திக்கு, அவர் என்ன நினைத்தார் என்று கேட்டறிந்து, எந்திரம் சொல்ல மறந்த செய்தியைச் சொல்லவையுங்கள். அந்தச் செய்தி உண்மையாகவும் இருக்க வேண்டும். ஆணை சென்றதைக் காட்டும் விளக்கை, வேலை முடிந்ததற்கு அடையாளமாக வைத்துவிடாதீர்கள். திருத்தியதை மீண்டும் புதியவர் ஒருவரிடம் கொடுங்கள். பழுது பார்ப்பவரையும் ஒரு தடவை அழைத்துக் காட்டுங்கள்.

இறுதியாக

இந்நூலை வாங்கலாமா? வாங்கலாம், 2013 பதிப்பையே வாங்குங்கள். எளிய ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. சில அமெரிக்க எடுத்துக்காட்டுகள் நமக்கு அந்நியமாக இருக்கும். நேரம் குறைவாக உள்ளவர்கள் தவறுகளைப் பற்றிய பகுதியை மட்டுமாவது தவறாமல் படிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். படித்து முடித்த சில நாட்களுக்குக் காணும் கதவையெல்லாம் குறை சொல்லத் தோன்றும். குறை காணும் கண்ணை இந்நூல் தாராளமாகத் தருகிறது. குறை நீக்கும் கையை நீங்கள்தான் பழக்கிக்கொள்ள வேண்டும்.

நாளை உங்கள் பொருளின் முன் ஒருவர் தடுமாறி, "எனக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லக்கூடும். அவருக்கு ஆறுதல் சொல்வது நல்லதுதான். ஆனால் அதற்கு முன் குறிப்பேட்டை எடுத்து, அவர் கை எந்த இடத்தில் நின்றது என்று எழுதிக்கொள்ளுங்கள்.